பழைய டியூப் ஆம்ப்: ஹம், சீற்றம், படபடப்பு. எங்கிருந்து தொடங்குவது?

ஈசூன் ஸ்ட்ராட்

வணக்கம். வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த ஒரு முதியவரிடமிருந்து கிட்டாருக்கான சின்ன அமெரிக்க டியூப் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) ஒன்றை வாங்கினேன். 1960களில் செய்தது. சிக்னலைப் பெருக்கும் டியூப் ஒரு 12ஏஎக்ஸ்7, ஸ்பீக்கரை ஓட்டும் பவர் டியூப் ஒரு 6வி6, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையருக்கு ஒரு 5ஒய்3, எட்டு அங்குல ஸ்பீக்கர், அவ்வளவுதான். பின்பக்கத்தில் 117 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று அச்சடித்திருக்கிறது. கூடவே 230இலிருந்து 110க்கு இறக்கும் ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மரும் கிடைத்தது.

கிட்டார் சத்தம் அபாரம். ஆனால் மூன்று தொல்லைகள். ஒன்று, வால்யூம் பூஜ்யத்தில் இருந்தாலும் குறையாத ஹம், அதாவது 'ம்ம்ம்' என்ற இரைச்சல். இரண்டு, வால்யூமைக் கூட்டக் கூட்ட எழும் 'ஸ்ஸ்ஸ்' சீற்றம். மூன்று, சூடேறிய பிறகு அவ்வப்போது படபடவென்று ஒரு வெடிப்பு. மழை நாளில் இது கூடுதல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆம்பில் இரண்டு முள் பிளக்தான் இருக்கிறது. கிட்டார் கம்பியைப் பிடித்தபடி கணினியின் உலோகப் பெட்டியைத் தொட்டால் விரலில் சுறுசுறுவென்று இருக்கிறது.

இணையத்தில் தேடினால் எல்லா கெப்பாசிட்டரையும் மாற்று, எல்லா டியூபையும் மாற்று என்கிறார்கள். அப்படிச் செய்தால் பழைய சத்தம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. கொஞ்சம் சால்டரிங் வரும், மீட்டர் இருக்கிறது. வழி சொல்லுங்கள்.

---

மின்னோட்டம்

தம்பி, முதலில் பிளக்கைக் கழற்றி வையுங்கள். ஹம்மைப் பிறகு பார்க்கலாம். விரலில் சுறுசுறு என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரிதான் இந்தப் பதிவிலேயே அவசரமானது.

அந்தக் காலத்து இரண்டு முள் ஆம்புகள் பலவற்றில் மெயின்ஸ் கம்பி ஒன்றிலிருந்து சாசிக்கு (ஆம்பின் உலோக அடிச்சட்டம்) ஒரு கெப்பாசிட்டர் போகும், பெரும்பாலும் 0.047 மைக்ரோஃபாரட். எர்த் இல்லாத காலத்தில் ஹம்மைக் குறைக்க வைத்தது. அது நல்ல நிலையில் இருந்தாலே சாசியில் கொஞ்சம் கரண்ட் கசியும். ஷார்ட் ஆகிவிட்டால் சாசி நேராக லைவ். சாசியோடு கிட்டார் கம்பியும் சேர்ந்தேதான் இருக்கிறது.

செய்ய வேண்டியது: அந்தக் கெப்பாசிட்டரை வெட்டி எடுத்துவிட வேண்டும். மூன்று கம்பி கேபிள் போட வேண்டும். பச்சை மஞ்சள் எர்த் கம்பிக்கு சாசியில் தனி போல்ட், பல் வாஷரோடு இறுக்கமாக. டிரான்ஸ்ஃபார்மரைப் பிடித்திருக்கும் போல்டில் சேர்த்து மாட்டாதீர்கள். லைவ் கம்பி முதலில் பியூசுக்கு, அங்கிருந்து சுவிட்சுக்கு, பிறகு டிரான்ஸ்ஃபார்மருக்கு.

ஆனால் இங்கே சிங்கப்பூரில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆம்புக்கு மூன்று முள் போட்டாலும், நடுவில் இருக்கும் ஸ்டெப் டவுன் பெட்டி எர்த்தைக் கடத்தாமல் இருக்கலாம். பல பெட்டிகளில் 110 வோல்ட் சாக்கெட்டில் எர்த் துளை சும்மா அலங்காரத்துக்கு இருக்கும். எதையும் சுவரில் சொருகாமல், மீட்டரை ஓமில் வைத்து, ஆம்ப் சாசிக்கும் 13 ஆம்பியர் பிளக்கின் நீளமான முள்ளுக்கும் இடையே அளந்து பாருங்கள். ஒரு ஓமுக்குக் கீழே வர வேண்டும். வரவில்லையென்றால் பெட்டியை மாற்றுங்கள்.

வீட்டில் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) இருக்கிறதே என்று நினைக்கலாம். இப்போது எல்லா வீட்டுக்கும் கட்டாயம், 1985 ஜூலைக்கு முன் கட்டிய வீடுகளில் சிலவற்றில்தான் இல்லாமல் இருந்தது. அது மெயின்ஸ் பக்கத்துக் கசிவுக்கு உதவும். ஆனால் ஆம்புக்குள்ளே இருக்கும் 350 வோல்ட் டிசியை நீங்கள் தொட்டால் அது அசையவே அசையாது. பவர் டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டாம் சுற்று மெயின்ஸிலிருந்து பிரிந்தது. அங்கே ஓடும் கரண்ட் ஆர்சிசிபிக்குத் தெரியாது. பிளக்கைக் கழற்றிய பிறகும், டிசியைச் சீராக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் நிற்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் ஒரு காலை கிளிப்பால் சாசியில் மாட்டி, மறு காலை இன்சுலேஷன் உள்ள முனையால் ஒவ்வொரு கெப்பாசிட்டர் பிளஸ்ஸிலும் சில விநாடி பிடியுங்கள். பிறகு மீட்டரில் பார்த்துச் சில வோல்டுக்குக் கீழே இறங்கியதை உறுதி செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் இதே கதைதான், விதிவிலக்கு கிடையாது.

இதில் ஏதாவது ஒரு வரி புரியவில்லையென்றால் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுவது நல்லது.

---

சிம் லிம் சுற்றுபவன்

அக்கா சொன்னதை அப்படியே செய்யுங்கள் ப்ரோ. மூன்று கம்பி கேபிள், ரெசிஸ்டர், கிளிப் எல்லாம் சிம் லிம் டவரில் கிடைக்கும். எதிரில் இருக்கும் ஸ்கொயருக்குப் போய்த் தேடாதீர்கள், அது கணினிக் கடைகள். 500 வோல்ட் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டரும் ஆம்ப் டியூபும் எல்லாக் கடையிலும் இருக்காது, பலரும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிறார்கள். முன்பு சுங்கை ரோடு சந்தையில் பழைய ரேடியோ வால்வுகள் தரையில் விரித்துக் கிடக்கும். 2017 ஜூலை 10ஆம் தேதியோடு அதை மூடிவிட்டார்கள்.

என் கருத்து: ஐம்பது வருடத்துக்கு மேல் ஆன ஆம்ப். ஒவ்வொன்றாகத் தேடி நேரத்தை வீணாக்காமல் கெப்பாசிட்டர், ரெசிஸ்டர், டியூப் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிடுங்கள். ஒரே வேலையாக முடியும்.

---

வால்வு வாத்தியார்

சுற்றுபவனோடு இதில் எனக்கு உடன்பாடு இல்லை. எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது கோளாறு என்று கடைசிவரை தெரியாது. புதிதாகப் போட்டதில் ஒன்று மோசமாக இருந்தாலும் தெரியாது. இந்த ஆம்பில் மொத்தமே மூன்று டியூப். தேடுவதற்கு இதைவிடச் சுலபமான ஆம்ப் கிடையாது.

எர்த் வேலை முடிந்த பிறகு இதைச் செய்யுங்கள்.

முதலில் கிட்டார் கேபிளையே உருவிவிடுங்கள். இந்த வகை ஆம்பில் ஜாக் காலியாக இருந்தால் இன்புட் தானாகவே எர்த்தோடு சேர்ந்துவிடும். உருவியதும் சத்தம் நின்றால் குற்றவாளி கிட்டாரோ கேபிளோ வீட்டு விளக்கோ, ஆம்ப் அல்ல. உங்கள் பெயரிலுள்ள ஸ்ட்ராட்டைப் பார்த்தால், சுற்றுப்புற இரைச்சலை எளிதில் பிடிக்கும் சிங்கிள் காயில் பிக்கப் கிட்டார் என்று தெரிகிறது. எல்இடி விளக்கின் டிரைவர், போன் சார்ஜர், டிம்மர் எல்லாம் அதில் புகும். கிட்டாரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் திரும்பிப் பாருங்கள். ஒரு திசையில் கூடி இன்னொரு திசையில் குறைந்தால் அது காற்றில் வருவது.

அடுத்து வால்யூம். 12ஏஎக்ஸ்7க்குள் டிரையோடு எனும் பெருக்கும் பகுதி இரண்டு உண்டு. உங்கள் ஆம்பில் முதல் டிரையோடு, பிறகு டோன், வால்யூம், பிறகு இரண்டாம் டிரையோடு, 6வி6 என்று வரிசை. வால்யூம் பூஜ்யத்திலும் ஹம் குறையவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆக, அது வால்யூமுக்குப் பின்னால் பிறக்கிறது. சீற்றம் வால்யூமோடு கூடுகிறது, எனவே அது முன்னால் பிறக்கிறது. இரண்டும் வேறு வேறு நோய் என்று உங்கள் பதிவே சொல்லிவிட்டது.

இப்போது ஆம்பை அணைத்து, ஆறவிட்டு, 12ஏஎக்ஸ்7ஐ மட்டும் கழற்றிவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். ஸ்பீக்கர் இணைந்தே இருக்கட்டும், 6வி6 இடத்திலேயே இருக்கட்டும். அதையும் கழற்றினால் பி பிளஸ் (டியூப்களுக்குப் போகும் உயர் டிசி) வோல்டேஜ் ஏறிப் பழைய கெப்பாசிட்டரை வாட்டும். ஹம் அப்படியே இருந்தால் 6வி6 அல்லது பவர் சப்ளை. நின்றுவிட்டால் 12ஏஎக்ஸ்7 பகுதி.

அப்புறம் முக்கியமானது, ஹம்மின் சுருதி. அமெரிக்கர்கள் எழுதியதைப் படித்தால் 60, 120 என்று சொல்வார்கள். நமக்கு மெயின்ஸ் 50 ஹெர்ட்ஸ். அதனால் ஹீட்டரிலிருந்தோ (டியூபைச் சூடாக்கும் இழை) கம்பி ஓட்டத்திலிருந்தோ வரும் ஹம் 50. ஃபில்டர் கெப்பாசிட்டர் செத்ததால் வருவது 100, ஏனென்றால் ரெக்டிஃபையர் இரண்டு அரைச் சுற்றையும் பயன்படுத்துகிறது. காதாலேயே பிரிக்கலாம். ஆறாம் கம்பியில் மூன்றாம் ஃபிரெட்டை அழுத்தினால் வரும் ஜி 98 ஹெர்ட்ஸ். ஹம் அதோடு கிட்டத்தட்ட ஒத்து, கொஞ்சம் உரசி அலைந்தால் 100. அதற்கு ஒரு ஆக்டேவ் கீழே இருந்தால் 50. போனில் ஸ்பெக்ட்ரம் காட்டும் ஆப் இருந்தால் அதிலும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் போன் மைக் 50ஐச் சரியாகப் பிடிக்காது, காதை நம்புங்கள்.

ஒன்று கூடுதலாக: டிரான்ஸ்ஃபார்மர் இரும்பே அதிர்ந்து கொடுக்கும் 'ர்ர்ர்' ஸ்பீக்கர் வழியாக வருவதல்ல. ஸ்பீக்கர் முன்னாலும் சாசிப் பக்கமும் தனித்தனியாகக் காதை வைத்துக் கேளுங்கள்.

---

ஈசூன் ஸ்ட்ராட்

அக்கா, ஐயா, நன்றி. கேபிள் மாற்றியாகிவிட்டது, அந்தக் கெப்பாசிட்டரும் போய்விட்டது. ஸ்டெப் டவுன் பெட்டியில் எர்த் உண்மையிலேயே கடக்கவில்லை. எர்த் ஒழுங்காக உள்ள வேறு பெட்டி வாங்கினேன். சாசியிலிருந்து பிளக் முள்வரை 0.3 ஓம். சுறுசுறு நின்றுவிட்டது, ஹம்மும் கொஞ்சம் குறைந்தது.

கேபிளை உருவினாலும் ஹம் இருக்கிறது. 12ஏஎக்ஸ்7ஐக் கழற்றினாலும் பெரும்பகுதி இருக்கிறது. ஆறாம் கம்பி மூன்றாம் ஃபிரெட்டோடு அப்படியே உரசுகிறது! இதைக் கேட்டதும் எனக்கு ஒரே சந்தோஷம். ஆக ஃபில்டர் கெப்பாசிட்டர்தானே? உள்ளே ஒரே அலுமினியக் குப்பிக்குள் மூன்று பிரிவு, ஒவ்வொன்றும் 20 மைக்ரோஃபாரட், 475 வோல்ட். குப்பியின் அடியில் பிசின் மாதிரி கசிந்து உறைந்திருக்கிறது.

117க்குச் செய்ததை 110இல் ஓட்டுவது சரியா என்றும் சொல்லுங்கள்.

---

வால்வு வாத்தியார்

அதேதான். இந்த ஆம்பில் ஒற்றை 6வி6. இரண்டு பவர் டியூப் உள்ள புஷ் புல் ஆம்பில் சப்ளையில் வரும் அலை அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் ஒன்றையொன்று பெருமளவு அடித்துக்கொண்டு போய்விடும். ஒற்றை டியூபில் அந்த வசதி இல்லை, ஃபில்டர் பலவீனமானால் அத்தனையும் ஸ்பீக்கரில் கேட்கும். எலக்ட்ரோலிடிக் உள்ளே ஈரமான ரசாயனம். பத்து இருபது வருடத்தில் உலரத் தொடங்கும். இதற்கு மட்டும் சுற்றுபவன் சொன்னதுதான் சரி, வயதைப் பார்த்தே மாற்றிவிட வேண்டிய பாகம் இது.

மூன்று 22 மைக்ரோஃபாரட், 500 வோல்ட் வாங்குங்கள். குப்பியைத் தோற்றத்துக்காக மேலே அப்படியே விட்டுவிடலாம், ஆனால் அதன் கம்பிகளை முழுவதும் பிரித்துவிட வேண்டும். செத்ததோடு புதியதை இணையாகக் கட்டினால் கசிவு தொடரும். பெரிய மதிப்பு போட்டால் ஹம் இன்னும் குறையும் என்று முதல் கெப்பாசிட்டரை 100 ஆக்கிவிடாதீர்கள். 5ஒய்3 தாங்குவது 20 அளவுதான். ஆன் செய்யும்போது இழுக்கும் கரண்டில் ரெக்டிஃபையர் சீக்கிரம் போய்விடும். இரண்டாவது, மூன்றாவதில் கொஞ்சம் கூட்டினால் பாதகமில்லை. 6வி6 காத்தோடில் (டியூபுக்குள் எலக்ட்ரானை வெளிவிடும் முனை) 470 ஓம் ரெசிஸ்டரோடு ஒரு 25 மைக்ரோஃபாரட் இருக்கும், அதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

எர்த் முனைகளையும் கவனியுங்கள். முதல் கெப்பாசிட்டரின் மைனஸ் பவர் டிரான்ஸ்ஃபார்மரின் நடு முனையோடு நேராகச் சேர வேண்டும். முன் பகுதி டியூபுக்கான கெப்பாசிட்டரின் மைனஸ் இன்புட் ஜாக் பக்கம் போகட்டும். அந்த முதல் கெப்பாசிட்டரை நிரப்பும் கரண்ட் துடிப்பு பெரியது. அது ப்ரீ ஆம்ப் (முன் பகுதி) எர்த் வழியாக ஓடினால் எத்தனை கெப்பாசிட்டர் மாற்றினாலும் ஒரு கரகரப்பு மிஞ்சும்.

110ஆ 117ஆ என்ற கேள்வி. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த டிரான்ஸ்ஃபார்மரை 50இல் ஓட்டினால் இரும்புக்குள் காந்தப் பாயம் 20 விழுக்காடு கூடும், சூடு ஏறும். 110 கொடுத்தால் அந்தக் கூடுதல் 13 விழுக்காடாகக் குறையும். ஹீட்டர் 5.9 வோல்ட் சுமாருக்கு வரும். 6.3இலிருந்து 10 விழுக்காடு வரை டியூப் ஏற்கும். ஆகவே 110 இங்கே நல்லதுதான். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, அணைத்து, பிளக்கைக் கழற்றி, டிரான்ஸ்ஃபார்மர் மூடியில் கை வையுங்கள். கை வைக்க முடியாத சூடென்றால் சொல்லுங்கள்.

---

மின்னோட்டம்

புதுக் கெப்பாசிட்டர் போட்ட பிறகு முதல் முறை ஆன் செய்யும்போது 230 வோல்ட் பக்கத்தில் வரிசையாக ஒரு பல்பைக் கட்டிவிடுங்கள். இழை உள்ள பல்பாக இருக்க வேண்டும், ஹாலஜன் ஆனாலும் சரி, 60 முதல் 100 வாட்டுக்குள். எல்இடி இதற்கு உதவாது. முதலில் பிரகாசித்துவிட்டு மங்கினால் நல்ல அறிகுறி. பிரகாசமாகவே நின்றால் எங்கோ ஷார்ட், உடனே அணைத்துவிடுங்கள். கெப்பாசிட்டரின் பிளஸ் மைனஸை ஆன் செய்யும் முன் இன்னொருவரிடமும் காட்டிப் பாருங்கள். திருப்பிப் போட்டால் வெடிக்கும்.

---

ஈசூன் ஸ்ட்ராட்

பல்பு மங்கியது. 100 ஹெர்ட்ஸ் ஹம் அநேகமாகப் போய்விட்டது. கீழே ஒரு மெல்லிய 50 இருக்கிறது, இரவில்தான் கேட்கிறது. சீற்றமும் படபடப்பும் அப்படியே.

---

வால்வு வாத்தியார்

மெல்லிய 50 ஹீட்டரிலிருந்து. பாகங்களைப் பார்த்தால் ஹீட்டர் சுற்றின் ஒரு முனை சாசியோடு சேர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன், சின்ன ஆம்புகளில் அப்படித்தான் மிச்சம் பிடிப்பார்கள். அதைப் பிரித்து, இரண்டு கம்பிகளையும் இறுக்கமாக முறுக்கி, சாசியின் மூலையோரமாக, கிரிட் (டியூபுக்குள் சிக்னல் நுழையும் முனை) கம்பிகளிடமிருந்து விலக்கிக் கொண்டுபோங்கள். இரண்டு முனையிலிருந்தும் ஒவ்வொரு 100 ஓம் ரெசிஸ்டர் போட்டு அவை சந்திக்கும் புள்ளியை எர்த்துக்குப் பதிலாக 6வி6 காத்தோடில் இணையுங்கள். அங்கே 20 வோல்ட் அளவு பிளஸ் இருக்கும். ஹீட்டர் காத்தோடைவிட மேலே நின்றால் அதிலிருந்து காத்தோடுக்கு எலக்ட்ரான் கசியாது, ஹம் இன்னும் தாழும்.

ஒரு எச்சரிக்கை. முன்பக்கச் சிவப்பு விளக்கின் ஹோல்டர் உடம்பு சாசியைத் தொட்டு, அதன் வழியாகவே ஹீட்டரின் ஒரு முனை எர்த் ஆகியிருக்கலாம். அதைப் பிரிக்காமல் மேலே சொன்னதைச் செய்தால் 100 ஓம் ஒன்று கருகும், 6வி6இன் பயாசும் (ஓய்வுநிலைக் கரண்ட் அமைப்பு) கெடும். முதலில் மீட்டரில் பாருங்கள்.

சீற்றத்துக்கு வருவோம். முதலில் 12ஏஎக்ஸ்7ஐ மட்டும் வேறு ஒன்றால் மாற்றிக் கேளுங்கள், கடன் வாங்கியதாக இருந்தாலும் பரவாயில்லை. மாறவில்லையென்றால் முதல் டிரையோடின் பிளேட் (சிக்னல் வெளியேறும் முனை) ரெசிஸ்டர், 100 கிலோ ஓம். அந்தக் காலத்துக் கார்பன் காம்போசிஷன் ரெசிஸ்டர்களில், குறுக்கே நிற்கும் டிசி வோல்டேஜுக்கு ஏற்ப இரைச்சல் கூடும். முதல் கட்டத்தில் பிறந்தது பின்னால் வரும் எல்லா கட்டத்திலும் பெருகி வெளியே வரும். அந்த ஒன்றை மட்டும் மெட்டல் ஃபிலிம் ஒரு வாட்டாக மாற்றுங்கள். மற்றதை மீட்டரில் அளந்து, மதிப்பு ஏறிப்போயிருந்தால் மட்டும் மாற்றினால் போதும். டோன் பகுதியிலுள்ள ஃபிலிம் கெப்பாசிட்டர்களைத் தொடாதீர்கள். வால்யூம் குமிழின் பொட்டென்ஷியோமீட்டரில் டிசி வராதவரை அவை நலம். நீங்கள் பயந்த அந்தப் பழைய சத்தம் அங்கேயும் ஸ்பீக்கரிலும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரிலும்தான் இருக்கிறது.

---

மின்னோட்டம்

படபடப்பு மழை நாளில் கூடும் என்றீர்களே, அதைப் பற்றி. பாகங்கள் பொருத்தியிருப்பது கறுப்பு ஃபைபர் அட்டையா? 60களின் அமெரிக்க ஆம்புகளில் அது சாதாரணம். நம் ஊர் ஈரப்பதத்தில் ஐம்பது அறுபது வருடம் இருந்தால் அட்டை ஈரத்தை உறிஞ்சி, மின்சாரத்தைக் கொஞ்சமாகக் கடத்தத் தொடங்கிவிடும். 200 வோல்ட் நிற்கும் கண்ணியிலிருந்து (அட்டையில் பாகங்களைச் சால்டர் செய்யும் உலோக வளையம்) பக்கத்துக் கிரிட் கண்ணிக்கு அட்டை வழியாகவே கசியும். டியூபைக் குறை சொல்லி மாற்றிக்கொண்டே இருப்போம், படபடப்பு போகாது.

சோதனை இதுதான். ஆம்ப் ஆன், ஒரு கை சட்டைப் பையில், மீட்டரின் கறுப்பு முனை கிளிப்பால் சாசியில். சிவப்பு முனையை எந்தக் கண்ணியையும் தொடாமல் வெறும் அட்டையில் வையுங்கள். ஒன்றிரண்டு வோல்டுக்கு மேல் டிசி காட்டினால் அட்டை கசிகிறது. அணைத்து, கெப்பாசிட்டரின் மின்சாரத்தை இறக்கி, ஹேர் டிரையரால் மிதமான சூட்டில் நன்றாக உலர்த்தி மறுபடி பாருங்கள். குறைந்தால் உறுதி.

நிரந்தரத் தீர்வு: கிரிட்டுக்குப் போகும் கம்பிகளை மட்டும் அட்டையிலிருந்து எடுத்து, பொட்டென்ஷியோமீட்டரிலிருந்து நேராக டியூப் சாக்கெட்டுக்குக் காற்றிலேயே கொண்டுபோங்கள். அட்டையை முழுக்க மாற்ற வேண்டியதில்லை.

---

சிம் லிம் சுற்றுபவன்

இது எனக்குப் புதுத் தகவல் அக்கா. படபடப்பு என்றால் டியூப் சாக்கெட் துரு என்றுதான் நான் எப்போதும் பார்ப்பேன். அதையும் பாருங்கள் ப்ரோ. காண்டாக்ட் கிளீனரைச் சாக்கெட்டில் பீய்ச்சாமல் டியூப் முள்ளில் தடவி, நாலைந்து தடவை சொருகி எடுங்கள். அப்புறம் உலோகமில்லாத சாப்ஸ்டிக்கால் ஒவ்வொரு பாகத்தையும் மெல்லத் தட்டுங்கள். எங்கே தட்டும்போது வெடிக்கிறதோ அங்கே சால்டர் விட்டிருக்கும்.

நான் சொன்ன 'ஒரே மூச்சில் மாற்று' முறையை இனி ஃபில்டர் கெப்பாசிட்டரோடு நிறுத்திக்கொள்கிறேன். வாத்தியார் சொன்ன வரிசை நியாயமாக இருக்கிறது.

---

ஈசூன் ஸ்ட்ராட்

முடிந்தது! விளக்கு ஹோல்டர் உண்மையிலேயே சாசியைத் தொட்டுக்கொண்டிருந்தது, பிரித்துவிட்டேன். 50 இப்போது காதை ஸ்பீக்கர் துணியில் வைத்தால்தான் கேட்கிறது. பிளேட் ரெசிஸ்டர் 100க்குப் பதில் 138 கிலோ ஓம் காட்டியது. மாற்றியதும் சீற்றம் பாதிக்கும் கீழே. அட்டை வால்யூம் கண்ணி அருகே 7 வோல்ட் காட்டியது, உலர்த்தியதும் ஒன்றுக்கு வந்தது. கிரிட் கம்பிகளைத் தூக்கிவிட்டேன். நேற்று முழுக்க மழை, ஒரு வெடிப்பும் இல்லை. டியூப் மூன்றும் பழையவைதான்.

---

கேட்பவர் காது

இழையை முழுக்கப் படித்தேன். என்னிடம் இரண்டு இஎல்84 பவர் டியூப் உள்ள பிரிட்டிஷ் ஆம்ப் இருக்கிறது, 100 ஹெர்ட்ஸ் ஹம். ஃபில்டர் கெப்பாசிட்டர் போன வருடம்தான் மாற்றியது. அப்படியும் வருமா?

---

வால்வு வாத்தியார்

வரும். புஷ் புல்லில் இரண்டு டியூபும் ஒரே அளவு கரண்ட் இழுத்தால்தான் அலை ஒன்றையொன்று அடிக்கும். ஒன்று தளர்ந்திருந்தால் கெப்பாசிட்டர் புதிதாக இருந்தும் ஹம் வரும். காத்தோடு பொதுவாக இருந்தால், ஆம்பை அணைத்துவிட்டு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் நடு முனையிலிருந்து ஒவ்வொரு பிளேட்டுக்கும் ஓமை அளந்து வையுங்கள். ஆன் செய்து ஒவ்வொரு பாதியிலும் விழும் வோல்டேஜை அந்த ஓமால் வகுத்தால் கரண்ட் கிடைக்கும். மீட்டர் கிளிப்புகளை அணைத்த நிலையிலேயே மாட்டிவிட்டுப் பிறகு ஆன் செய்யுங்கள், அது முழு பி பிளஸ். இரண்டு எண்ணும் வந்ததும் சர்க்யூட் படத்தோடு தனி இழையாகப் போடுங்கள், பார்க்கலாம்.